மாவுச் சட்டிக்குப் பக்கத்தில்



உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் மூன்று நாள் என் மேசையிலேயே இருந்தது. எத்தனை இடத்தில் நிறுத்தி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறார் என்பது அந்தக் கையெழுத்திலேயே தெரிந்தது. அப்படி எழுதியவருக்கு அவசரத்தில் பதில் போட மனம் வரவில்லை.

அவருக்கு வயது 43. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. பதினைந்து வருடம் விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். முழங்கால் பிடித்துக்கொண்டதும் மலைக்குப் போவது நின்றது. இப்போது வீட்டு முன்னால் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சுகர் என்று சொல்லிவிட்டார்கள். அன்றையிலிருந்து காலையில் வாய்க்கால் கரையில் முக்கால் மணி நேர நடை. ராத்திரிச் சோறு கிடையாது. கடையில் உட்கார்ந்தபடி மிக்சர் கொறிப்பது கிடையாது. ஏழு கிலோ இறங்கியது. அடுத்த ஒரு வருடத்தில் ஆறு கிலோ திரும்ப ஏறிவிட்டது. நடையை ஒரு நாள் கூட விடவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார், யாரும் நம்ப மாட்டார்கள் என்ற பயத்தில்.

வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசியைப் பற்றி அவருடைய டாக்டர் சொல்லியிருக்கிறார். நாத்தனார் காதில் அது விழுந்ததும், "வாயைக் கட்ட முடியாதவுகதான் ஊசிக்குப் போவாக" என்று சொல்லிவிட்டாராம். கடிதத்தின் கடைசியில் இரண்டு கேள்விகள். "பாளையத்துல வாங்குனா நாலு பேருக்குத் தெரிஞ்சு போகும், தேனிக்குப் போயி வாங்கிக்கிறலாமா? இதைப் போட்டா நான் தோத்துட்டேன்னு அர்த்தமா அண்ணே?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை தங்கச்சி. பேர் சொல்லாமல் இதை எழுத அவரே சம்மதம் தந்தார். இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பவர்கள் நம் கம்பம் பள்ளத்தாக்கில் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க அவருக்கே.

ஏறிய அந்த ஆறு கிலோவை முதலில் பார்ப்போம். எடை இறங்கினால் நமக்குச் சந்தோஷம். உடம்புக்கு அது பஞ்சம். கொழுப்பு குறைந்ததும் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்தும் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் ஆகியும் அந்தப் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இளைத்த உடம்பு, இழந்ததைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி உள்ளிருந்து நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. நம் வாசகி ஒரு வருடமாக ராத்திரியில் தனியாகச் சமாளித்த பசி இதுதான். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அதை வாய் ருசி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் நடந்த நடையும் வீண் போகவில்லை. இதற்கு வெளிநாட்டு ஆய்வைத் தேட வேண்டாம், நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். நடையும் உணவு மாற்றமும் மட்டும் கடைப்பிடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை என்பதுதான் இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது. எடை மிஷினின் முள் அசையாமல் நின்ற நாட்களிலும் அந்த நடை உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. ஆகவே ஊசி போட முடிவெடுத்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, வாய்க்கால் கரையை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாறு பாய்ந்து 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிற பூமி இது. சோறு நமக்குச் சாப்பாடு மட்டும் கிடையாது, கௌரவமும் அதுதான். கேப்பைக் களியும் சோளச் சோறும் அன்றாடச் சாப்பாடாக இருந்த வீடுகளில், அரிசிச் சோறு கிடைத்த நாள் நல்ல நாள். அந்த நினைவோடு வளர்ந்தவர்களிடம் 'சோற்றைக் குறை' என்பது லேசான பேச்சு இல்லை. ஏற்றம் இறக்கமான மலைச்சரிவில் குனிந்து காய் எடுத்த காலத்தில் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. மலைக்குப் போவது நின்ற பிறகும் தட்டு அதே தட்டுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் நாடு முழுக்கச் செய்த இன்டியாப் ஆய்வின்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்கில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை கூடியவர்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கும் ஒரே சமயத்தில் வாய்க்கட்டுப்பாடு கெட்டுப்போய்விட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை.

என் அம்மா முப்பது வருடம் பிரஷர் மாத்திரை போட்டார். உப்பைக் குறைத்தார், ஊறுகாயை விட்டார், பிரஷர் அடங்கவில்லை, டாக்டர் மாத்திரை எழுதினார். தோற்றுப்போனதால் மாத்திரை போடுகிறார் என்று எங்கள் தெருவில் ஒருவர் கூடச் சொன்னதில்லை. மாத்திரையை மறந்தால்தான் எல்லாரும் திட்டினார்கள். எடைக்கு மட்டும் நாம் வேறு சட்டம் வைத்திருக்கிறோம்.

அந்தச் சட்டத்துக்கு உயிர்கள் பலியாகின்றன. 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, இளைப்பதற்கு வெங்காரம் சாப்பிடலாம் என்று யூடியூபில் பார்த்து, வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனாள். பத்தொன்பது வயது. செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு டாக்டரிடம் போய் 'என் எடை எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று சொல்வதைவிட, ஒரு வீடியோவை நம்புவது ஒரு பிள்ளைக்கு எளிதாக இருந்திருக்கிறது. அந்த நிலைமையை உண்டாக்கியதில் நம் வீட்டுக் கேலிப் பேச்சுகளுக்கும் பங்கு உண்டு. கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், துணிக்கடையில் என்று போகிற இடமெல்லாம் நாம் வாய் வலிக்காமல் சொல்லிவிட்டுப் போகிற பேச்சுகள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: உடல் பருமனைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்ட காரியம். பருமனுக்குப் பொடி, பருமனுக்குக் கஷாயம் என்று யாராவது சுவரொட்டியிலோ செல்போனிலோ கூவினால், அந்தக் கூவலையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் 'இளைக்க மருந்தா' என்று பயப்படுவதையும் நான் தள்ளிவிட மாட்டேன். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. சிபுட்ராமின் என்ற எடைக்குறைப்பு மாத்திரை இதயத்துக்கு ஆபத்து என்று தெரிந்து 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே ரிமோனபன்ட், மனநிலையைக் கெடுக்கிறது என்று போனது. ஆர்லிஸ்டாட் என்ற மாத்திரை இன்றைக்கும் இருக்கிறது. சாப்பாட்டுக் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமல் தடுக்கும், பலன் கொஞ்சம்தான், எண்ணெய் எண்ணெயாக வயிற்றுப்போக்கு வேறு.

இப்போது பேசப்படும் ஊசிகள் வேறு வகை. சாப்பிட்டதும் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கணையத்திடம் இன்சுலின் கேட்பதும், இரைப்பை காலியாவதை மெதுவாக்குவதும், மூளையிடம் 'போதும்' என்று சொல்வதும் அதன் வேலை. ஆனால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் கிலா என்று ஒரு விஷப் பல்லி உண்டு. அதன் விஷத்தில், நம் ஹார்மோனைப் போலவே வேலை செய்து, சீக்கிரம் கரையாத ஒரு பொருளை ஜான் எங் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த சர்க்கரை மருந்துக்கு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஹார்மோனைப் போல வேலை செய்யும்படி பின்னால் வந்தவைதான் செமாகுளுடைடும் டிர்செபடைடும். டிர்செபடைடு, மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. செமாகுளுடைடு, எடைக்கென்றே வெகோவி என்ற பெயரில் அதே வருடம் ஜூனில் வந்தது. அக்டோபருக்குள் நாட்டிலேயே பண மதிப்பில் அதிகம் விற்ற மருந்தாக மவுன்ஜாரோ ஆகிவிட்டது. அவ்வளவு பேர் வெளியில் சொல்லாமல் காத்திருந்திருக்கிறார்கள்.

பலன் உண்மையானது. சுகர் இல்லாதவர்களில் செமாகுளுடைடை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு இரண்டரை சதவீதம் கூட இல்லை. டிர்செபடைடின் அதிக அளவில், 72 வாரத்தில், 20 சதவீதத்துக்கு மேல். நம் வாசகி போலச் சுகர் உள்ளவர்களுக்கு இறக்கம் இதைவிடக் குறைவுதான், ஆனாலும் 78 கிலோவில் சில கிலோ இறங்கினாலே போதும். அவருடைய முழங்காலுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று நினைத்துப் பாருங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் போடத் தொடங்கும் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். செமாகுளுடைடை நிறுத்திய ஒரே வருடத்தில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் போட்டுக்கொள்வோம் என்று நினைத்து வாங்கும் மருந்து இது இல்லை. பிரஷர் மாத்திரை மாதிரி வருடக்கணக்கில் கூட வரும் மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் தந்த வழிகாட்டுதலும் இதையே நீண்டகாலச் சிகிச்சையாக, உணவு, உடற்பயிற்சியோடு சேர்த்தே பேசுகிறது.

யாருக்கு இது? எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. நம் வாசகிக்கு 32.5 வருகிறது. 30-ஐத் தாண்டினாலோ, 27-க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிரஷர் போல ஏதாவது இருந்தாலோ இந்த ஊசிகளை டாக்டர் யோசிப்பார். நம்மவர்களுக்கு 25-லேயே பருமன் தொடங்கிவிடுகிறது என்பது இந்திய மருத்துவர்கள் கணக்கு. வயிற்றுச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். ஆனால் புடவை கட்டினால் இடுப்பில் கொஞ்சம் மடிப்புத் தெரிகிறது என்பதற்காக இந்த மருந்தைக் கேட்காதீர்கள். ஐந்து கிலோவுக்காகக் கேட்டு வரும் இளம் பிள்ளைகளிடம் நான் கெஞ்சிச் சொல்வது இதுதான்.

டாக்டரிடம் போகும்போது எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, வலிக்காக மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டு மாத்திரை, இவற்றில் ஒன்றே எடைக்குக் காரணமாக இருக்கலாம். அப்படியானால் வைத்தியமே வேறு. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் யாருக்காவது வந்திருந்தால் இந்த ஊசி கூடாது. கணையம் வீங்கிப் படுத்திருந்தவர்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் அதை முதலில் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது, குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு போடும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம், இதைப் பெண்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். சுகருக்கு கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையோ இன்சுலினோ ஏற்கெனவே எடுப்பவர்களுக்கு, ஊசி சேர்ந்ததும் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். பழைய மருந்தின் அளவை டாக்டர் மாற்றிக் கொடுக்காமல் தொடங்கவே கூடாது. கண் விழித்திரையையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

தொடங்கிய பிறகு குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். அதனால்தான் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, மாதம் மாதமாகக் கூட்டுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் போடும் அளவை நீங்கள் போட்டுப் பார்க்கக் கூடாது. முதுகு வரை பாயும் கடும் வயிற்று வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பசி குறைவதால் சாப்பாடு குறையும், கொழுப்போடு சதையும் கரையும். மலையில் வேலை செய்து சேர்த்த சதை அது, அதை விடக் கூடாது. கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் முட்டை, மீன், பயறு என்று சாப்பிட வேண்டும். ஆண்டிபட்டி மொச்சை இருக்கும்போது நமக்குப் புரதத்துக்கு டப்பா மாவு தேவையில்லை. எடை தூக்கும் சின்னப் பயிற்சிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம். இதைப் பேசாமல் அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இல்லை. மவுன்ஜாரோ வந்தபோது மிகக் குறைந்த அளவே ஒரு குப்பி 3,500 ரூபாய், வாரம் ஒன்று, மாதம் 14,000. வெகோவி தொடக்க அளவுக்கே மாதம் 17,000-க்கு மேல். வெகோவியின் விலையை 2025 நவம்பரில் 37 சதவீதம் வரை குறைத்தார்கள். அப்போதும் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இது வாய்விட்டுச் சொல்ல முடியாத தொகையாகத்தான் இருந்தது. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு நம் நாட்டு நிறுவனங்களும் தயாரிக்கலாம், விலை இறங்கும்.  ஆனால் கடன் வாங்கித் தொடங்கிப் பாதியில் நிறுத்துவதும், வட்டிக்கு வாங்குவதும் வேண்டாம். விலை குறைவு என்று சொல்லி ரசீது இல்லாமல், ஐஸ் பெட்டி இல்லாமல் கைமாறும் ஊசியும் வேண்டவே வேண்டாம். திறக்காத ஊசி குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகச் சுகர், பிரஷர் மாத்திரைகள் இன்று நம் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அந்தப் பையில் இந்த ஊசி இல்லை. விலை இறங்கும்போது, உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்கு மட்டுமாவது அரசு இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, வீட்டுக்கு வரும் அந்த அக்காமார்களிடம் சுகரையும் பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேசவும் ஆலோசனை கேட்கவும் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எடைக்காக அங்கே போனேன் என்று சொல்லிக்கொள்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் எழுதினேன். உங்களுக்குப் பழக்கமான மருந்துக்கடையிலேயே, சீட்டைக் காட்டி, ரசீதோடு வாங்குங்கள் என்றேன். நீங்கள் ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும், ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் ஓடிப்போய்க் கேட்கவும் அந்த இடம்தான் பக்கம்.

போன வாரம் மறுபடி எழுதியிருந்தார். டாக்டர் ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் பார்த்து, சுகர் மாத்திரையின் அளவைக் குறைத்து, ஊசியைக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லிவிட்டாராம். ஒரு வருடத்துக்கு என்ன செலவாகும் என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாளையத்திலேயே வாங்கிவிட்டார். முதல் வாரம் கொஞ்சம் குமட்டல், மற்றபடி ஒன்றும் இல்லை, காலை நடையும் விடவில்லை.

நாத்தனார் வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தாராம். தோசை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைப் பார்த்து, "இது என்னத்தா?" என்று கேட்டிருக்கிறார். "என் மருந்து மதினி" என்று சொல்லியிருக்கிறார் நம் வாசகி. நாத்தனார் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாராம். போகும்போது வாசல்படியில் நின்று, அந்த டாக்டர் எந்தக் கிழமை உட்காருவார் என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்